இன்னும் தள்ளித்தான் வச்சிருக்காங்க

கிளாரிஸ் டெய்கிலின் தபால் வண்டி ஹாரன் சத்தத்துக்கு எங்கள் பள்ளத்தாக்கில் ஒரு தனி மரியாதை இருந்தது. சாதாரண நாட்களில் அவள் அதைத் தொடவே மாட்டாள். ஓசைப்படாமல் வந்து தபால் பெட்டியைத் திறந்து கரண்டு பில், விதைக் கம்பெனி விலைப்பட்டியல், ஆற்றுக்கு அந்தப் பக்கம் கனடாவில் இருக்கும் யாராவது சித்தி எழுதிய கடிதம் என்று வந்ததைச் செருகிவிட்டுப் போய்விடுவாள். டிசம்பர் நடுவிலும் மார்ச் கடைசியிலும் மட்டும் ஏதாவது ஒரு வீட்டு வாசலில் அந்த ஹாரன் இரண்டு தடவை அடிக்கும். அவ்வளவுதான், அந்த வீட்டுப் பிள்ளை காலில் ஒன்றும் மாட்டிக்கொள்ளாமல் பனியில் ஓடிவரும். தடித்த கவர் வந்திருக்கிறது என்று அர்த்தம்.

தடித்த கவர் என்றால் காலேஜில் சேர்த்துக்கொண்டார்கள். விடுதி, கட்டணம், ஊசி போட்ட சான்றிதழுக்கான படிவம் என்று உள்ளே ஒரு கத்தைத் தாள் இருக்கும். மெல்லிய கவர் என்றால் ஒற்றைத் தாள். 'வருந்துகிறோம்' என்று சொல்ல எத்தனை தாள் வேண்டும்? மெல்லியது வந்தால் கிளாரிஸ் அதைப் பெட்டியில் போடமாட்டாள். வண்டியை நிறுத்தி இறங்கி, வாசல்வரை நடந்து போய்க் கையில் கொடுப்பாள். காப்பி குடிக்கிறாயா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லவும் மாட்டாள். இதெல்லாம் தபால் இலாகா சட்டத்தில் கிடையாது. அடுத்தவர் கடிதத்தை எடை போட்டுப் பார்த்து ஊருக்கு அறிவிப்பது தப்பு என்று சொல்ல எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றியதில்லை.

இப்போது எல்லாமே போனில் வந்துவிடுகிறது. பிள்ளைகள் ஸ்கூல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடியே விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, சிரிக்கவோ அழவோ கழிவறைக்குப் போய்விடுகிறார்கள். டிசம்பர் வந்தால் கிளாரிஸுக்குக் கை அரிக்கும். பல்பொருள் கடைக்காரன் அனுப்பும் தடித்த விளம்பரப் புத்தகத்தைப் பெட்டியில் செருகும்போது, பழக்க தோஷத்தில் ஒரு நொடி ஹாரன் பக்கம் கை போகும். அப்படிப் போகும்போதெல்லாம் அவளுக்கு எண்பத்தாறாம் வருஷத்து டிசம்பர் ஞாபகம் வந்துவிடும். அவளுக்கும் ஒரு கவர் வந்தது. அது மெல்லிய கவர். ஆனால் அதை முதலில் பிரித்தது அவள் அப்பா ரொசேர்.

அப்போது அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். பாஸ்டன் பக்கத்தில் பெரிய பேர் வாங்கிய ஒரு காலேஜின் மேல் அவளுக்கு ஆசை வந்துவிட்டது. சும்மா ஆசை இல்லை, பைத்தியம். அந்தக் காலேஜ் அனுப்பிய படப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி அதன் முதுகு கிழிந்துவிட்டது. எங்கள் பக்கம் உருளைக்கிழங்கு அறுவடைக்கு ஸ்கூலையே மூடிவிடுவார்கள். அந்த விடுமுறையில் ரொசேரின் வயலில் குனிந்து கிழங்கு பொறுக்கிக்கொண்டே அந்தக் காலேஜ் நூலகத்தின் படிக்கட்டு எப்படி இருக்கும் என்று யோசிப்பாள். முன்கூட்டியே விண்ணப்பிப்பது என்று ஒரு ஏற்பாடு உண்டு. உன்னைத் தவிர வேறு எவரையும் மனதாலும் நினைக்கமாட்டேன் என்று அந்த ஒரே காலேஜுக்குச் சத்தியம் செய்து கொடுப்பது. செய்தால் கிறிஸ்துமஸுக்கு முன்பே பதில் வந்துவிடும். கிளாரிஸ் சத்தியம் செய்து கொடுத்துவிட்டாள்.

பதில் வந்த அன்று அவள் கூடைப்பந்துப் பயிற்சி முடித்துவிட்டு ஸ்கூல் பஸ்ஸில் ஏறினாள். நாலு மணிக்கே இருட்டிவிட்டது. டிரைவர் ஆர்மான் கண்ணாடியில் அவளைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

"என்ன கிளாரிஸ், எங்களையெல்லாம் விட்டுட்டுப் பெரிய ஊருக்குப் போறியாமே? உங்கப்பா மத்தியானமே காப்பிக் கடையில எல்லாருக்கும் சொல்லிட்டாரு."

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பஸ்ஸில் இருந்த பிள்ளைகள் எல்லாம் கை தட்டினார்கள். ஒருத்தி கட்டிப்பிடித்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே பனி மூடிய வயல்கள், தேவாலயக் கோபுரம், உறைந்துபோன ஆறு எல்லாமே இனி விட்டுவிட்டுப் போகப்போகிற பொருளாக அவளுக்கு அழகாகத் தெரிந்தன. பிற்பாடு அவள் சொல்வதுண்டு: அந்தக் காலேஜில் அவள் படித்தது அந்த ஒரு பஸ் பயணத்தில்தான். அந்த அளவுக்கு ஒரு சந்தோஷம் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் வந்ததில்லை.

வீட்டில் அம்மா ஜெர்மேன் கோழிக் குழம்பும் பக்வீட் என்ற தானிய மாவில் தோசையும் செய்துகொண்டிருந்தாள். வேலை நாளில் ரொசேர் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகளைப் பார்த்ததும் எழுந்து கடிதத்தை இரண்டு கையாலும் நீட்டினார். எங்கள் வீடுகளில் பேச்செல்லாம் பிரெஞ்சுதான். ரொசேருக்கு ஆங்கிலம் டிராக்டர் வாங்கும் அளவுக்குத் தெரியும், கடிதம் படிக்கும் அளவுக்குத் தெரியாது. ஆனாலும் வரிவரியாக விரல் வைத்துக்கொண்டு போய், தனக்குத் தெரிந்த ஒரு சொல்லைக் கண்டுபிடித்திருந்தார்.

"'டிஃபர்டு'ன்னு போட்டிருக்காங்கம்மா, பாத்தியா" என்றார்.

கிளாரிஸ் படித்தாள். உன் விண்ணப்பத்தின் மேல் முடிவெடுப்பதைத் தள்ளிவைத்திருக்கிறோம், ஏப்ரலில் மற்றவர்களோடு சேர்த்து மறுபடி பார்ப்போம் என்று நாலே வரி. இரண்டாம் தடவையும் படித்தாள். நாலு வரியும் அப்படியே இருந்தன. நிமிர்ந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், அவருக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த நோர்மான் சித்தப்பாவின் ராணுவப் படத்தைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

ரொசேருக்கும் தம்பி நோர்மானுக்கும் வியட்நாம் போருக்கு ஆளெடுக்கும் வாரியத்திலிருந்து ஒரே வாரத்தில் அழைப்பு வந்தது. விவசாயம் செய்கிறவனை விட்டுவையுங்கள் என்று இருவருமே எழுதிக் கேட்டார்கள். ஒரு நிலத்துக்கு ஒரு ஆள் போதும் என்று வாரியம் முடிவு செய்தது. மூத்தவனுக்கு வந்த தாளில் 'டிஃபர்டு', அதாவது தள்ளிவைத்திருக்கிறோம் என்ற அந்தச் சொல் இருந்தது. இளையவன் தாளில் இல்லை. நோர்மான் போனான், அடுத்த வருஷமே சவப்பெட்டியில் திரும்பி வந்தான். அந்த வாரியக்காரர்கள் அதன்பின் ரொசேரைக் கூப்பிடவே இல்லை. உலகத்தில் உள்ள ஆங்கிலச் சொற்களிலேயே அந்த மனிதருக்கு உயிர் கொடுத்தது அந்த ஒன்றுதான். அது மகள் பேரில் வந்த தாளிலும் இருந்தால் அவர் வேறு என்ன நினைப்பார்?

"ஆமாப்பா" என்றாள் கிளாரிஸ். அந்த ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவில் பாதிரியார் அறிவிப்போடு அறிவிப்பாக அதையும் சொல்லிவிட்டார். ஊரே திரும்பிப் பார்த்தது. ரொசேரின் அக்கா பெர்னாடெட், மாதர் சங்கத்துத் தலைவி, சும்மா இருப்பாளா? சங்கத்து அம்மாக்கள் எல்லாரும் சேர்ந்து கிளாரிஸுக்கு ஒரு நீலநிறப் பயணப் பெட்டி வாங்கிக் கொடுத்தார்கள். பளபளவென்று பூட்டு, உள்ளே பட்டுத் துணி. அதைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு அவள் அதன் மேலேயே படுத்துத் தூங்க வேண்டியிருந்தது. எங்கே போனாலும் வாழ்த்து. பெட்ரோல் போடுகிறவன் வாழ்த்தினான். பல் டாக்டர் வாயைத் திறக்கவைத்துக்கொண்டே வாழ்த்தினார். இடம் இல்லாத காலேஜுக்குப் பெட்டி மட்டும் தயாராக இருந்தது.

உண்மை தெரிந்தது ஸ்கூலில் மேற்படிப்பு ஆலோசனை சொல்லும் மிஸ் பெல்டியேவுக்கு மட்டும்தான். அந்த அம்மாள் ஆறுதல் சொல்லி நேரத்தை வீணாக்குகிற ரகம் இல்லை. இன்னும் உங்கள் காலேஜ்தான் வேண்டும் என்று ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுது, அழுதுவடியாதே, செப்டம்பருக்கு அப்புறம் என்னென்ன செய்தாயோ அதை மட்டும் சொல் என்றாள். அரையாண்டு மார்க்கை ஏற்றச் சொன்னாள். அவள் முக்கியமாகச் சொன்னது கடைசியில் வந்தது. தள்ளிவைத்துவிட்டதால் சத்தியம் முறிந்தது, அதனால் புதுவருஷத்துக்குள் வேறு காலேஜுகளுக்கும் விண்ணப்பம் போயாக வேண்டும், காத்துக்கொண்டிருப்பதையே ஒரு வேலையாக வைத்துக்கொள்ளாதே என்று சொல்லி, மாநிலப் பல்கலைக்கழகத்தின் விண்ணப்பத்தை நீட்டினாள். அதில் தகப்பனார் கையெழுத்து வேண்டும்.

கிளாரிஸ் அந்தத் தாளைக் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு அலைந்தாள். அப்பாவிடம் கொண்டுபோனால் இது எதற்கு என்று கேட்பார். கொண்டுபோகாவிட்டால் ஏப்ரலில் எந்தப் பக்கமும் இல்லாமல் நிற்க வேண்டும். அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டுவிடலாமா என்றுகூட ஒரு சாயங்காலம் பேனாவை எடுத்தாள். ரொசேரின் கையெழுத்தில் முதல் 'ஆர்' கோணலாக, ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். அதைப் பார்த்துப் போட மனசு வரவில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு ஒரு மத்தியானம் கிழங்குக் கிடங்குக்குப் போனாள். மேட்டுச் சரிவில் பாதி மண்ணுக்குள் புதைத்துக் கட்டிய கிடங்கு அது. வெளியே மூக்கு விழுகிற குளிர் அடித்தாலும் உள்ளே கிழங்கு உறையாது. மண் வாசனையும் மண்ணெண்ணெய் அடுப்பு வாசனையும் சேர்ந்து அடிக்கும். ரொசேர் பெல்ட்டில் ஓடிவரும் கிழங்குகளில் அழுகலைப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தார். அவள் பெல்ட்டை நிறுத்தினாள். விண்ணப்பத்தை மேலே வைத்தாள்.

"இது என்னம்மா? அங்கதான் உனக்கு ஆயிடுச்சே."

"ஆகலப்பா. தள்ளித்தான் வச்சிருக்காங்க."

"அதைத்தானே நானும் சொல்றேன்."

"அதே வார்த்தைதான்ப்பா. அர்த்தம் வேற. உங்களுக்கு, இனிமே கூப்பிட மாட்டோம்னு அர்த்தம். எனக்கு, இன்னும் கூப்பிடலன்னு அர்த்தம்."

ரொசேர் கையிலிருந்த கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் அழுகல் ஒன்றும் இல்லை. மகள் இத்தனை நாள் வாழ்த்தையெல்லாம் எப்படி வாங்கிக்கொண்டு நின்றாள் என்று யோசித்திருப்பார் போலிருக்கிறது, காது இரண்டும் சிவந்துவிட்டன.

"ஏன் அன்னிக்கே சொல்லல?"

"நீங்க அந்த ஞாயித்துக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கிட்டு இருந்தீங்க" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். எத்தனையோ நாள் அடக்கி வைத்த அழுகை, மூக்கு ஒழுக, வெட்கமில்லாமல் வந்தது.

ரொசேர் சமாதானம் சொல்லவில்லை. அவருக்கு அது வராது. ஒரு மூட்டையைத் தள்ளி மகளை உட்காரவைத்தார். பக்கத்தில் தானும் உட்கார்ந்து பேசினார்.

"எனக்கும் நீ சொல்ற அர்த்தம்தான். கூப்பிட மாட்டோம்னு எவன் எழுதிக் கொடுத்தான்? இன்னிக்கு இல்ல, அவ்வளவுதான். தபால் வண்டி வாசலுக்கு வந்தாலே எனக்குக் குலை நடுங்கும். ரெண்டு வருஷம், மூணு வருஷம் அப்படியே போச்சு."

"அப்போ என்ன பண்ணீங்க?"

"என்ன பண்றது. கிழங்கு போட்டேன். உங்கம்மாவைக் கட்டிக்கிட்டேன். நீ பொறந்தே."

அவ்வளவுதான் பேச்சு. ரொசேர் கால்சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். துடைத்தும் மண் போகவில்லை. கட்டைவிரல் அடையாளம் ஒன்று பழுப்பாகப் பேருக்குப் பக்கத்தில் விழுந்தது. இன்னொரு தாள் வாங்கி வரலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து அறிவிப்பு நேரம் வந்தபோது ரொசேர் எழுந்து நின்றார். ஜெர்மேன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் உட்காரவில்லை. காலேஜ்காரர்கள் கிளாரிஸை இன்னும் சேர்க்கவில்லை, ஏப்ரலில்தான் சொல்வார்கள், நான் அவசரப்பட்டு ஊரைக் கூட்டிவிட்டேன், தப்பு என்னுடையது, பிள்ளை மேல் இல்லை என்றார். எங்கள் ஆட்கள் மத்தியில் தப்பை ஒப்புக்கொள்வதே பெரிய காரியம், அதிலும் தேவாலயத்தில் நின்றுகொண்டு என்றால் கேட்பானேன். அப்புறம் அந்தப் பெட்டியை என்ன செய்யட்டும் அக்கா என்று பெர்னாடெட்டைப் பார்த்துக் கேட்டார்.

"எந்தக் காலேஜுக்குப் போறோம்னு பெட்டிக்குத் தெரியுமாடா? உக்காரு" என்றாள் பெர்னாடெட்.

பாதிரியார் உட்பட எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில் கிளாரிஸுக்கு முதுகிலிருந்து மூட்டை இறங்கியது. அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் படித்த மாதிரி அதற்கு முன்பு படித்ததில்லை. காலேஜுக்கு எழுத வேண்டிய ஒரு பக்கத்தை எழுதினாள். கூடைப்பந்தையும் கணக்கு மார்க்கையும் சொன்னாள், கிழங்குக் கிடங்கில் அப்பாவோடு சனிக்கிழமை வேலை செய்வதையும் சொன்னாள். அழுதுவடியவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம் ரொசேர் அவள் எதிரில் உட்கார்ந்து ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு பத்தியை விரல் வைத்துப் படிப்பார், தெரியாத சொல்லைக் கேட்பார். இனிமேல் எந்தக் கவரையும் அரைகுறையாகப் பிரிக்கக்கூடாது என்று ரோஷம். அடுப்புக்குப் பக்கத்தில் அவர்கள் இருவரும், அம்மா பின்னலோடு ஒரு மூலையில். ஏப்ரலில் என்ன வரும் என்ற பயம் இருந்துகொண்டே இருந்தது. இருந்தாலும் இப்போது அந்த நாட்களில் ஒன்றைத் திருப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கிளாரிஸ் யோசிக்காமல் வாங்கிக்கொள்வாள்.

ஏப்ரலில் ஸ்கூல் பஸ் நிற்கும் இடத்தில் ரொசேர் சேற்றில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு கவர், பிரிக்காமல். தூரத்திலிருந்தே தெரிந்தது, மெல்லிய கவர். அவள் பிரித்துப் படித்துவிட்டு அவரிடம் கொடுத்தாள். அவர் மெதுவாக, ஒரு சொல் விடாமல், தானே படித்து முடித்தார்.

"இந்தத் தடவை எல்லா வார்த்தையும் புரியுதும்மா" என்றார். கடிதத்தை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்த வாரமே மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து தடித்த கவர் வந்தது. அன்றைக்குத் தபால் கொண்டுவந்தவன் ஹாரன் ஒன்றும் அடிக்கவில்லை. பெட்டியில் போட்டுவிட்டுப் போய்விட்டான். நீலப்பெட்டி செப்டம்பரில் தெற்கே போனது, நாலு வருஷம் கழித்து ஒரு பக்கப் பூட்டு உடைந்து திரும்பி வந்தது. கிளாரிஸ் கொஞ்ச காலம் கீழ்ப்பக்க ஊரில் பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக் கொடுத்தாள். அம்மா படுத்த படுக்கையானபோது ஊருக்குத் திரும்பி வந்தாள். பழைய தபால்காரன் ஓய்வு பெற, ஒரு வருஷத்துக்கு மட்டும் பார்க்கலாம் என்று அந்த வேலையை எடுத்துக்கொண்டாள். அந்த ஒரு வருஷம் இன்னும் முடியவில்லை. ஒரே ஒரு தடவை, சிநேகிதி கல்யாணத்துக்கு பாஸ்டன் போனபோது, அந்தக் காலேஜுக்குள் நுழைந்து நூலகப் படிக்கட்டில் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டுவிட்டு வந்தாள். படத்தில் பார்த்ததைவிடப் படிகள் சின்னதாக இருந்தன. கொஞ்சம் வலித்தது, இல்லை என்று அவள் சொல்லமாட்டாள்.

ரொசேரின் வீடு அவள் தபால் போகும் வழியில்தான். தினமும் அவர் பெட்டியருகே வந்து நிற்பார். எப்படி இருக்கீங்கப்பா என்று இவள் கேட்பாள். இன்னும் தள்ளித்தான் வச்சிருக்காங்க என்பார் அவர். முட்டிவலி வந்தபோதும் அதுதான் பதில், மாரடைப்பு வந்து பிழைத்தபோதும் அதுதான், நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஜன்னலோரம் உட்காரத் தொடங்கியபோதும் அதுதான். ஊரில் மற்ற கிழவர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். காப்பிக் கடையில் ஒருத்தரை ஒருத்தர் அப்படித்தான் விசாரிப்பார்கள்.

போன வருஷம் கிழங்கு அறுவடை முடிந்த சமயத்தில் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூன்றாம் நாள் காலையில் கிளாரிஸ் போனபோது முகம் தெளிவாக இருந்தது. யாரோ சவரம் செய்துவிட்டிருந்தார்கள். எப்படி இருக்கீங்கப்பா என்று வழக்கம்போலக் கேட்டாள். அவர் அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"சேத்துக்கிட்டாங்கம்மா" என்றார்.

கிளாரிஸுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் அவர் போய்விட்டார்.

நோர்மானுக்குப் பக்கத்திலேயே அவருக்கு இடம் வைத்திருந்தார்கள். தேவாலயத்திலிருந்து கல்லறைக்குப் போகிற வழி அவர் வீட்டைத் தாண்டித்தான் போகும். முன்னால் சவ வண்டி, பின்னால் கிளாரிஸ் தன் தபால் வண்டியில், அதற்குப் பின்னால் ஊர். வீட்டு வாசல் வந்ததும் அவள் வேகத்தைக் குறைத்தாள். தபால் பெட்டியின் கதவு காற்றில் திறந்து கிடந்தது. அவள் ஹாரனை இரண்டு தடவை அடித்தாள்.